ஏழாம் வீட்டுத் தோட்டம்

சர்வேயர் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே வெள்ளரிப் பிஞ்சை அளந்தார். நேற்று மூன்றேகால் அங்குலம். இன்று நாலு. சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். விதை போட்டு ஐம்பத்தைந்தாம் நாள். புதன்கிழமை.

வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி மனையையும் வாங்கிச் சேர்த்துப் போட்ட தோட்டம். இருபத்திரண்டு பாத்தி. ஒவ்வொன்றும் பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம். முளை அடித்து, கயிறு பிடித்து, மூலை பார்த்துப் போட்டவை. தக்காளி தொடை உயரம் வந்து பூ விட்டிருந்தது. கத்தரி இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. அவரை பந்தலின் முதல் கம்பியைத் தொட்டுவிட்டது. பூசணிக்கொடி நாளைக்கு ஒரு சாண் நடந்தது. வெண்டை மட்டும் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. கணக்கில் மட்டும் தேறாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நிலம் அளந்தவர். யாருடைய வேலி யாருடைய மனைக்குள் இரண்டடி நுழைந்திருக்கிறது என்று சங்கிலி பிடித்துச் சொல்வது அவர் வேலை. லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர் என்று பெயர் எடுத்தார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. ஓய்வுக்குப் பிறகு அந்த மிதப்பு தோட்டத்துக்கு இடம் மாறிவிட்டது.

அவர் மனைவி காபி டம்ளருடன் பின்வாசலில் நின்றாள். வெள்ளரிக்கு மார்க் போட்டு முடிந்ததா என்று கேட்டாள். எனக்கு ஜுரம் வந்தபோது இப்படி நாள் தவறாமல் அளந்தீர்களா என்றும் கேட்டாள். அந்த நோட்டும் இருக்கிறது என்றார் அவர். உண்மையிலேயே இருந்தது.

ஐந்தரை மணிக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ஏழு மணிக்கு நின்றுவிடும். சர்வேயர் குளியலறைக்குப் பின்னால் போய்ப் பழைய போர்வையை விலக்கி, மோட்டார் பொத்தானை அழுத்தினார். போர்வையை மறுபடி போட்டு மூடினார். அங்கே இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டாயிரம் லிட்டர். ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டும் நிறைந்துவிடும்.

மோட்டார், பிளம்பரின் யோசனை. பாத்தி போட்ட புதிதில் குழாய்த் தண்ணீர் போதவில்லை. பிளம்பர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் வருமா வருமா என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது, அது உங்களைத் தேடி வர வேண்டும் என்றார். ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள் என்றார். தெருக் குழாயில் மோட்டார் வைக்கக் கூடாது என்று விதி இருப்பது சர்வேயருக்குத் தெரியும். சைக்கிளுக்கு விளக்கு இல்லாமல் போகக் கூடாது என்பதுபோல அதுவும் ஒரு விதி என்று நினைத்துக்கொண்டார். அவர் யார் பணத்தையும் வாங்கவில்லை. யார் நிலத்தையும் எடுக்கவில்லை. மண்ணுக்கடியில் ஓடுகிற தண்ணீர். அதில் எவர் பெயரும் எழுதியிருக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவே தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. அவர்தான் அழைத்திருந்தார். ஒரு மாதம் முன்பு, தன் நாற்றுத் தட்டில் முளைத்த தக்காளி நாற்றுகளை வீட்டுக்கு இரண்டாகத் தெரு முழுக்கக் கொடுத்திருந்தார். ஒரே விதை. ஒரே நாள் போட்டது. எல்லாருக்கும் வளர்க்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

அன்று பத்து மணிக்கு மீசை வந்தார். முதல் வீட்டுக்காரர். மளிகைக் கடை வைத்திருப்பவர். தெருச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். எல்லாரும் அவர் முகத்துக்கு நேராகவே மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் சந்தோஷம்தான்.

வால்வுக்காரரைப் பற்றிப் புகார் எழுத வேண்டும் என்றார் மீசை. தெரு முனையில் தண்ணீர் திறந்துவிடுபவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். இரண்டு மாதமாகத் தெருவின் கீழ்ப்பாதிக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. இவன் வால்வைப் பாதி திறந்துவிட்டு, அடுத்த தெரு ஓட்டலுக்கு முழுதாகத் திறந்துவிடுகிறான் என்றார். அதற்குக் காசு வாங்குகிறான் என்றார். என்ன ஆதாரம் என்று சர்வேயர் கேட்டார். அந்த ஓட்டலில் அவன் இரண்டு தடவை டீ குடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார் மீசை. ஏற்கெனவே அவன் மேல் இரண்டு புகார் இருக்கிறதாம். இன்னொன்று கையெழுத்துகளோடு போனால் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்த வேலைதான்.

"உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். நீங்க எழுதினா ஆபீஸ்ல நம்புவாங்க. நேர்மையான மனுஷன்னு உங்க பேருக்கு ஒரு வெயிட் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் சர்வேயருக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்து எழுதினார். ‘கடந்த இரண்டு மாதங்களாக’ என்று ஆரம்பித்தார். முதல் கையெழுத்தையும் அவரே போட்டார். மற்ற வீடுகளில் கையெழுத்து வாங்குவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படியே நாற்றுகள் எப்படி இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ‘தெரு வளர்ச்சி’ என்று ஒரு பட்டியல் வாசித்தால் நன்றாக இருக்கும்.

மாலை நாலு மணிக்கு டேப்பும் நோட்டும் மனுவுமாகக் கிளம்பினார்.

அது ஒரே வரிசையில் பதினெட்டு வீடுகள் உள்ள தெரு. எதிர்ப்பக்கம் ஒரு பள்ளியின் நீளமான மதில். முதல் வீட்டில் செடி இருபத்து மூன்று அங்குலம். இரண்டாவதில் இருபத்திரண்டு. மூன்றாவதில் இருபத்து நாலு. அவர் வெளிப்படையாகவே பாராட்டினார். நாலாவதில் நாய் தோண்டிப் போட்டுவிட்டது. ஐந்தும் ஆறும் இருபத்திரண்டு. ஏழு அவருடையது, இருபத்தெட்டு. அதை அளக்க வேண்டிய அவசியமில்லை. இருந்தும் வழியில் உள்ளே போய் ஒரு தடவை அளந்துவிட்டு வந்தார்.

எட்டாவது வீட்டில் பத்தொன்பது. அந்த வீட்டுக்காரர் வங்கிக் காசாளர், வாய் ஓயாதவர். உங்கள் செடி எங்கள் வீட்டு உணவில் வளர்கிறது, அதான் மெலிந்திருக்கிறது என்றார். ஒன்பதில் பதினேழு. பத்தில் பதினைந்து. பதினொன்றில் ஒரு செடி காய்ந்துவிட்டது, இன்னொன்று பதின்மூன்று. அந்த வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். அந்தத் தாயிடம் சர்வேயர் செடி வளர்ப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரி, கவனம் வேண்டும் என்று ஐந்து நிமிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைகளையே கழுவ வழியில்லை சார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

பன்னிரண்டாவது வீட்டில் திடீரென்று இருபத்தொன்று. எப்படி என்று கேட்டார். துணி துவைக்கிற மெஷினுக்குத் தண்ணீர் வண்டி வரவழைக்கிறோம், கடைசி அலசல் தண்ணீரைச் செடிக்கு விடுகிறோம் என்றார்கள். அதற்கப்புறம் மறுபடி இறங்கியது. பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. பதினாறிலும் பதினேழிலும் செடியே இல்லை. குச்சி மட்டும் நின்றது. கீழே வரவர ஜனங்களுக்குச் சோம்பல் அதிகம் என்று சர்வேயர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். கையெழுத்து மட்டும் கேட்பதற்கு முன்பே விழுந்தது.

பதினெட்டாவது வீடு நர்ஸ் வீடு. இரவு டூட்டிக்குப் போய்க் காலை ஏழரைக்குத் திரும்புபவர். தண்ணீர் வருகிற நாளுக்கு முந்தின இரவே குழாயைத் திறந்து, அடியில் பெரிய அண்டாவை வைத்துவிட்டு டூட்டிக்குப் போவார். திரும்பி வரும்போது முன்பெல்லாம் அண்டா நிறைந்து வழிந்திருக்கும். இப்போது அடியில் நாலு விரல் தண்ணீர்தான் நிற்கும். இரவெல்லாம் கை கழுவிக் கழுவி வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சீருடையை அலசத் தண்ணீர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கே பையில் எடுத்துப் போய் அலசிக்கொண்டு வந்தார். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

செடி ஒரு தகர டப்பாவில் இருந்தது. சர்வேயர் குனிந்து அளந்தார். ஒன்பது அங்குலம். ஐந்து இலை.

"பூ விட்டிருக்கு பாருங்க சார்," என்றார் நர்ஸ். "நேத்துதான் விட்டுச்சு. வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஒரே ஒரு பூ. சுண்டு விரல் நகத்தளவு. சர்வேயர் தன் அறுபது தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசும்போது இருக்கிற குரல் அந்தப் பெண்ணுக்கும் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடவே இருந்தது.

"தண்ணி ஊத்தறீங்களாம்மா?"

"காய் கழுவின தண்ணி சார். தினம் அரை டம்ளர் மிஞ்சும். வேற இல்ல."

சர்வேயர் மனுவை நீட்டினார். நர்ஸ் முழுவதையும் படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் போட மாட்டேன் சார்."

"ஏம்மா? தெருவுலயே அதிகமா கஷ்டப்படறது நீங்கதான்."

"லீவு அன்னிக்கு நானே போய்ப் பக்கத்துல நின்னு பாத்தேன் சார். பதினாலு சுத்து சுத்தினார். அதுக்கு மேல சாவி திரும்பல. அவர் முழுசாத்தான் திறக்கறார். நடுவுல எங்கயோ போகுது."

"நடுவுல எங்க போகும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். அளக்கறவர் நீங்கதானே."

நர்ஸ் குத்திப் பேசவில்லை. அவருக்கு மோட்டாரைப் பற்றித் தெரியாது. மனதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

சர்வேயர் வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைத் தயார் செய்ய உட்கார்ந்தார். எண்களை மட்டும் எழுதினால் பார்வையாக இருக்காது என்று கட்டம் போட்ட தாளை எடுத்தார். வீட்டு எண்ணைக் கீழே வைத்து, உயரத்தை மேலே குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். சர்வீஸில் நூறு தடவை செய்த வேலை.

கோடு ஆறாம் வீடு வரை சமமாகப் போனது. ஏழில் எழும்பியது. எட்டிலிருந்து இறங்கியது. கடைசி வரை இறங்கியது. பன்னிரண்டில் மட்டும் ஒரு மேடு.

கோட்டின் மேல் விரலை ஓட்டினார். சோம்பேறிகள் வரிசை எண்படி குடியேற மாட்டார்கள். மண்ணும் வெயிலும் எல்லா வீட்டிலும் ஒன்று. பன்னிரண்டாம் வீட்டுக்கு இருந்தது வெளித்தண்ணீர். ஆக, இது தண்ணீர்.

வால்வு பாதிதான் திறந்தது என்றால் முதல் வீட்டிலும் குறைய வேண்டும். குறையவில்லை. தவிர, தெரு கீழே போகப்போகச் சரிவு. கழிவுநீர்க் கால்வாய் போட்டபோது மட்டம் பார்த்துக் கொடுத்தவர் அவரேதான். பதினெட்டாம் வீடு முதல் வீட்டைவிட மூன்றடி தாழ்வு. தண்ணீர் தானாகவே அங்கே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேரவில்லை என்றால், சரிவைவிட பலமான ஏதோ ஒன்று அதை நடுவில் பிடித்து இழுக்கிறது.

நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினார். மோட்டார் பொருத்திய தேதி இருந்தது. சரியாக இரண்டு மாதம். மனுவின் முதல் வரியையும் பார்த்தார். அவருடைய முத்தான கையெழுத்தில் அதே இரண்டு மாதம்.

அடுத்தவன் எல்லைக்குள் வேலியைத் தள்ளிப் போட்டவர்களைத் தன் காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறார். எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். எனக்குத் தெரியாது சார், கல் முன்னாடியே இங்கேதான் இருந்தது. அவர் ஒருவரையும் நம்பியதில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வரும் நாள். சர்வேயர் மோட்டாரைத் தொடவில்லை. ஐந்தே காலுக்கே தெரு முனைக்குப் போய் நின்றார். வால்வுக்காரர் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கித் திருப்பினார். சர்வேயர் எண்ணினார். பதினாலு. அதற்கு மேல் சாவி நகரவில்லை.

வால்வுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மனு விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. முதல் கையெழுத்து யாருடையது என்பதும் எட்டியிருந்தது. கிழிந்த துணியால் சாவியைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு தடவை திருப்பிக் காட்டவா சார் என்று மட்டும் கேட்டார். சர்வேயர் வேண்டாம் என்று கையசைத்தார்.

அங்கிருந்து கடைசி வீட்டுக்கு நடந்தார். நர்ஸுக்கு அன்று விடுப்பு. குழாயடியில் அண்டாவோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து ஐம்பதுக்குக் குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. நூலாக இல்லை, கட்டை விரல் தடிமனில் வந்தது. கால் மணியில் அண்டா நிறைந்து வழிந்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டே ஓடி ஓடி மற்ற பாத்திரங்களைக் கொண்டுவந்தார். சீக்கிரம் அந்தக் குடத்தை எடுங்க சார் என்று அவரையும் வேலை வாங்கினார். சர்வேயர் எடுத்துக் கொடுத்தார். அவர் சட்டை நனைந்தது.

வீட்டுக்குத் திரும்பியவர் மோட்டாரைக் கழற்றினார். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். முதல் நாள் போர்வை போட்டு மூடினது நான்தானே. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் மூடினேன். நல்ல காரியம்னா எதுக்குங்க மூடணும்?"

மோட்டாரை எடுத்தாகிவிட்டது, மனுவைக் கொடுக்க வேண்டாம் என்று மீசையிடம் சொல்லிவிட்டால் போதும், விஷயம் அதோடு முடிந்தது என்று சர்வேயர் நினைத்தார். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர் பேரும் பிழைக்கும், வால்வுக்காரர் வேலையும் பிழைக்கும். அப்படி நினைத்தபோது வெட்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

நிம்மதி ஒன்பது மணி வரை இருந்தது. ஒன்பது மணிக்கு மீசை வந்தார். முகமெல்லாம் வெற்றி.

"பாத்தீங்களா சர்வேயர் சார்? கடைசி வீடு வரைக்கும் தண்ணி பிச்சுக்கிட்டு ஓடுது. புகார்னு காதுல விழுந்ததும் ஒழுங்கா திறந்துட்டான் பாருங்க. இத்தனை நாள் திருடினான்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

மனு வேண்டாமே என்று சர்வேயர் இழுத்தார். இப்போது விட்டால் அடுத்த மாதம் மறுபடி ஆரம்பிப்பான் என்றார் மீசை. தெருவில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளரைப் பார்ப்பதாக ஏற்பாடு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் எல்லாரும் கூடும்போதே மனுவைப் படித்துக் காட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு மீசை கிளம்பினார்.

சர்வேயர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மோட்டாரை எடுத்ததே வால்வுக்காரருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தெருவில் தண்ணீர் ஓட ஓட அந்த மனிதர் மேல் திருட்டுப் பட்டம் கெட்டியாகும். சத்தமில்லாமல் நல்லவராவதற்கு அவருக்கு வழி இல்லை.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் தோட்டத்தில் நின்று கணக்குப் போட்டார்கள். குழாயில் தானாக வருகிற தண்ணீரில், வீட்டுத் தேவை போக, ஒன்பது பாத்தி தாங்கும். பதின்மூன்றை விட வேண்டும். எதை விடுவது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மனைவி நடந்து நடந்து கை காட்டினாள். பூசணி முழுக்க. தக்காளியில் பாதி. வெண்டையை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தண்ணீர் கொஞ்சம் போதும் என்றாள். அவளுக்கும் கண் கலங்கியது. செடிக்காக அழுதேன் என்று யாரிடமாவது சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றாள். அன்று மாலை சர்வேயர் வால்வுக்காரர் வீட்டைத் தேடிப் போய், ஞாயிறு நாலு மணிக்குத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எதற்கு என்று அவர் கேட்டார். வாங்க, அங்கே சொல்றேன் என்றார் சர்வேயர். அவரை ‘வாங்க’ என்று சர்வேயர் அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். தோட்டம் அன்று கண்ணைப் பறித்தது. காலையில்தான் முதல் அவரைப்பூ அவிழ்ந்திருந்தது, ஊதா நிறத்தில். வெள்ளரி ஆறு அங்குலம். தக்காளியில் முதல் பிஞ்சு, கோலிக்குண்டு அளவில். வரிசை வரிசையாக இருபத்திரண்டு பாத்தியும் வரைந்து வைத்ததுபோல் இருந்தது. பெண்கள் கத்தரி இலையைத் தடவிப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்பது நாளில் இவ்வளவா என்று மீசை நாலு பேரிடம் சொன்னார். இவரிடம் செடிக்கு வளராமல் இருக்கப் பயம் என்றார் எட்டாம் வீட்டுக் காசாளர். சர்வேயர் ஒவ்வொரு பாத்தியாகச் சுற்றிக் காட்டினார். என்ன உரம், எத்தனை நாள் இடைவெளி, எந்தப் பூச்சியை எப்படிக் கையால் எடுத்தார் என்று எல்லாம் சொன்னார். எதையும் விடவில்லை. அந்தப் பெருமையில் பொய் எதுவும் இல்லை. அந்த உழைப்பு அவருடையதுதான்.

வால்வுக்காரர் வாசல் கதவுக்கு வெளியே நின்றார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. சர்வேயர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பேச்சுச் சத்தம் அடங்கியது. மீசை மனுவை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார்.

"அதைப் படிக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் சர்வேயர்.

கட்டத்தாளை விரித்துக் காட்டினார். கோடு எங்கே சமமாகப் போகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலை வைத்துச் சொன்னார். எட்டாம் வீட்டிலிருந்து இறங்குவதற்கு என்ன காரணம் என்று கேட்டார். அவரே சொன்னார்.

"தெருக் குழாயில மோட்டார் வெச்சு இழுத்தேன். ரெண்டு மாசம். வெள்ளிக்கிழமை கழட்டினேன். அன்னிக்குத்தான் கீழ்வீடுகளுக்கெல்லாம் தண்ணி வந்துச்சு. இவர் என்னிக்கும் பதினாலு சுத்துதான் சுத்தறார். நீங்க பாராட்டின தோட்டத்துல பதிமூணு பாத்தி உங்க வீட்டுத் தண்ணி."

கட்டத்தாள் கை மாறிக் கை மாறிப் போனது.

"அப்போ இவ்வளவு நேரமும் நான் எங்க வீட்டுத் தண்ணியைத்தான் பாராட்டிட்டு இருந்தேனா?" என்றார் எட்டாம் வீட்டுக் காசாளர். இரண்டு பேர் சிரித்தார்கள். பதினொன்றாம் வீட்டுத் தாய் சிரிக்கவில்லை.

"எம்பிள்ளைங்க கழுத்துல அழுக்குன்னு டீச்சர் டைரில எழுதி அனுப்பினாங்க," என்றாள். "நீங்க அன்னிக்கு வந்து, கவனம் வேணும்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க."

சர்வேயர் தலை குனிந்து நின்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே இன்னும் மூன்று நாலு பேர் போனார்கள். போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை.

மீசைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய மனுஷன், தானாகவே ஒத்துக்கொண்டார், இதோடு விட்டுவிடலாம் என்று சொல்லி மனுவைக் கிழிக்கப் போனார். வால்வுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கிழிக்காதீங்க சார். இந்தப் பேச்சு ஆபீஸ் வரைக்கும் போயாச்சு. என் பையன் வேலை செய்யற இடத்துலயும் போயாச்சு. கிழிச்சா பேப்பர்தான் போகும். பேர் போகாது."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"என்னைத் திருடன்னு எழுதின கைதானே இது. அதே கையால இல்லைன்னு எழுதிக் கொடுங்க. அதே மாதிரி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

மனைவி உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். நாற்று வைக்கும் பலகை மேல் தாளை வைத்து சர்வேயர் நின்றபடியே எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை. அப்படி எழுதினால் அவருக்கே தண்டனை வரலாம் என்று மீசை காதோடு சொன்னார். வரட்டும் என்றார். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தார்.

"எங்கள் தெருவில் இரண்டு மாதமாகத் தண்ணீர் குறைந்ததற்கு, தண்ணீர் திறந்துவிடுபவர் காரணமல்ல. அவர் ஒவ்வொரு முறையும் வால்வை முழுதாகத் திறந்திருக்கிறார். ஏழாம் வீட்டில் வசிக்கும் நான் தெருக் குழாயில் மோட்டார் பொருத்தி இழுத்தேன். இப்போது எடுத்துவிட்டேன். அதற்கு உரிய தண்டனையை ஏற்கிறேன். பொதுக் குழாயில் மோட்டார் வைத்து இழுப்பவன் தன் பங்கை எடுப்பவன் அல்ல. தனக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் குடத்திலிருந்தும் திருடுகிறவன்."

நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். போனவர்கள் வீட்டுக்கு மீசையே எடுத்துப் போய் வாங்கி வந்தார். பதினொன்றாம் வீட்டிலிருந்து தாளும் பேனாவும் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமானது. அவளும் போட்டிருந்தாள்.

வால்வுக்காரர் தாளை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான் வரும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சர்வேயரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார். அப்போ போனவங்கள்ல நாலு பேர் வாசல்ல நிக்கறாங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

சர்வேயர் வாசல் பக்கம் திரும்பி நின்றார். இந்தத் தடவை தலை குனியவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார்.

"தனக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் குடத்திலிருந்தும் திருடுகிறவன்."